ஏறிக்கொண்டே போன எண்

கண்ணாடிக்காரருக்கு வலி வந்தபோது அவர் கையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. புதிதாகத் திறக்கப்போகும் ஒரு துணிக்கடையின் முகப்பில் அதைப் பொருத்துவதற்காக, ஒரு முனையை அவரும் மறுமுனையை அவருடைய கூட்டாளியும் பிடித்திருந்தார்கள். மேல்வயிற்றில் யாரோ கத்தியைச் செருகித் திருகியதுபோல இருந்தது. வலி அங்கே நிற்காமல் முதுகுவரை துளைத்துக்கொண்டு போனது. வேறு யாராவதாக இருந்தால் கண்ணாடியைக் கைவிட்டிருப்பார்கள். அவர், "இறக்கு... மெதுவா இறக்கு" என்று சொல்லி, அதை மரச்சட்டத்தில் சாய்த்து, நழுவுமா என்று ஒருதடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை.

அவருடைய மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். தெருவில் பாதிப்பேர் அவளை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் கண்ணாடிக்காரரும் கேலியாக அப்படித்தான் கூப்பிடுவார். கூட்டாளியின் போன் வந்தபோது ஒரு வங்கி குமாஸ்தா அவளுக்குப் பக்கத்தில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கிளச் எது, பிரேக் எது என்று கால் இன்னும் பழகாத மனிதர்.

"சார், ஓரங்கட்டுங்க. இறங்கி இந்தப் பக்கம் வந்து உக்காருங்க."

"நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா மாஸ்டர்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல சார். என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்களாம்."

கூரைமேல் பயிற்சி வண்டிக்கான பலகையோடு அந்தக் கார் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எதிரே வந்தவர்கள் எல்லாம் தாங்களாகவே ஒதுங்கிக்கொண்டார்கள். கற்றுக்கொள்கிற யாரோ தறிகெட்டு வருகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். குமாஸ்தா இருக்கைப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடியே வந்தார்.

அவசரப் பிரிவில் கண்ணாடிக்காரர் முழங்காலை வயிற்றோடு மடக்கிப் புழுவாய்ச் சுருண்டு கிடந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. அவளைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார். உதடு மட்டும் கோணியது.

சின்ன டாக்டர் என்று அங்கே எல்லாரும் சொன்ன அந்தப் பெண் வந்து முதலில் கேட்டது ஒன்றுதான்.

"குடிப்பாரா?"

"டீ குடிப்பார்."

"இல்லம்மா, நான் கேக்கறது..."

"தெரியுது டாக்டர். அது கிடையாது. கண்ணாடி வேலை. கை நடுங்கினா விரல் போயிடும்."

டாக்டர் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் நர்ஸ், ஸ்கேன் எடுக்கிறவர், பக்கத்துக் கட்டில்காரரின் தம்பி என்று மூன்று பேர் அதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல் தெரிந்த பிறகுதான் அந்தக் கேள்வி ஓய்ந்தது.

சின்ன டாக்டர் அவளை உட்கார வைத்துச் சொன்னாள். "கணையம்னு ஒரு உறுப்பு இருக்கும்மா, இரைப்பைக்குப் பின்னாடி ஒளிஞ்சு கிடக்கும். சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற சாறு அங்கதான் ஊறுது. பித்தப்பையிலேருந்து ஒரு கல் நழுவி வந்து அதோட வழியை அடைச்சிருக்கு. வெளிய போகவேண்டிய சாறு உள்ளேயே தங்கி, கணையத்தையே செரிக்க ஆரம்பிச்சிருக்கு. அதான் இந்த வலி."

"தன்னைத்தானேவா டாக்டர்?"

"ஆமா."

 வெளியிலிருந்து வருகிற நோய் என்றால் விரட்டலாம். ஒரு மனிதனின் வயிற்றுக்குள் அவனையே சாப்பாடாக நினைத்து ஏதோ ஒன்று தின்றுகொண்டிருக்கிறது என்றால் அதை யார் போய் நிறுத்துவது? சொட்டு மருந்து ஏற்றினார்கள், வலிக்கு ஊசி போட்டார்கள், வாய்வழியாக இப்போதைக்கு ஒன்றும் கிடையாது என்றார்கள். அவ்வளவுதானா என்று கேட்டாள். இப்போதைக்கு அவ்வளவுதான் என்று பதில் வந்தது.

அந்த மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை முடிவுகள் நேராக வீட்டுக்காரர்களின் போனுக்கு வந்துவிடும். டாக்டர் வந்து விளக்குவதற்கு முன்பே எண்கள் வந்து நின்றுவிடும், இயல்பானவை கறுப்பிலும் மிஞ்சியவை சிவப்பிலும். அன்று மாலை வந்த பட்டியலில் பல சிவப்பு. ஆனால் 'அழற்சியின் அளவு, சி.ஆர்.பி.' என்ற வரியில் பதினொன்று என்று இருந்தது. பக்கத்திலேயே இயல்பு பத்துக்குள் என்றும் போட்டிருந்தது. அவள் அதையே பலமுறை படித்தாள். அழற்சி என்றால் வெந்து வீங்குவது என்று அவளுக்குத் தெரியும். பத்துக்குள் இருக்கவேண்டியது பதினொன்று. ஒன்றே ஒன்றுதான் கூட. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வெளியூரில் இருந்த நாத்தனாருக்குப் போன் போட்டு, "பயப்பட ஒண்ணுமில்ல அண்ணி, உள்ள அழற்சி அவ்வளவா இல்ல, ரத்தத்துலயே தெரிஞ்சுடுச்சு" என்றாள். டாக்டர் வருவதற்குள் டாக்டராகிவிட்டாள்.

மறுநாள் ரத்தம் எடுத்துப்போன பிறகு அவள் வராந்தாவில் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பைக்குள் போன் ஒலித்தது. ஈரக்கையோடு எடுத்தாள். அதே வரியில் இருநூற்றுப் பதினான்கு என்று இருந்தது.

புள்ளி எங்காவது விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாள். இருபத்தொன்று புள்ளி நாலாக இருக்கும். போனைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். புள்ளி இல்லை.  சின்ன டாக்டரைத் தேடிப் போனாள்.

"நேத்து பதினொன்னு. இன்னிக்கு இருநூத்திச் சொச்சம். ஒரே ராத்திரியில எப்படி டாக்டர்?"

"நேத்தே உங்ககிட்டச் சொல்லியிருக்கணும்" என்றாள் டாக்டர். "உடம்புக்குள்ள எங்கயாவது வெந்து வீங்கினா, கல்லீரல் இந்தப் பொருளை ரத்தத்துல விடும். உடனே விடாது, நேரமெடுக்கும். முதல் நாள் ரத்தத்துல ஒண்ணும் தெரியாது. ஒப்பிட்டுப் பாக்கத்தான் எடுத்தோம். ரெண்டாவது, மூணாவது நாள்தான் உண்மை நிலவரம் தெரியும். நூத்தம்பதைத் தாண்டினா இது கடுமையான வகையா இருக்கலாம்னு நாங்க உஷாராயிடுவோம்."

"அப்ப நேத்து வந்த பதினொன்னு பொய்யா?"

"பொய் இல்லம்மா. உள்ள நடந்த சேதி அப்ப ரத்தத்துக்கு வந்து சேரல, அவ்வளவுதான். இன்னொண்ணும் கேட்டுக்குங்க. நாளைக்கும் இது ஏறலாம். ஏறினா உடனே நிலைமை மோசம்னு அர்த்தமில்ல."

பிரேக்கை மிதித்த பிறகும் வண்டி கொஞ்சதூரம் போய்த்தான் நிற்கும் என்று தினமும் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். அப்படித்தானா டாக்டர் என்று கேட்டாள். அப்படித்தான் என்றாள் டாக்டர். ஆனால் கண்ணாடிக்காரருக்குப் பிரேக்கை மிதித்தாயிற்றா இல்லையா என்று யாருக்கும் தெரியாது என்பது கட்டிலுக்குத் திரும்பும் வழியில்தான் அவளுக்கு உறைத்தது.

மத்தியானம் நாத்தனார் வந்து சேர்ந்தாள். கண்ணாடிக்காரரின் அக்கா, அவரைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவள். பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"பயப்பட ஒண்ணுமில்லன்னு சொன்னியேம்மா?"

"நேத்து அப்படித்தான் அண்ணி இருந்துச்சு."

"இன்னிக்கு?"

அவள் எண்ணைச் சொன்னாள். நாத்தனாரின் முகம் மாறியது. "என்ன குடுத்தாங்க அவனுக்கு? நேத்து நல்லா இருந்தவனுக்கு இன்னிக்கு இப்படி ஏறுதுன்னா, ஏதோ தப்பா ஏத்திட்டாங்க." எவ்வளவு விளக்கியும் அவள் மனதில் அது ஏறவில்லை. தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. "கொஞ்சம் பரவால்ல அக்கா" என்று அவர் சொன்னார். அது ஊசியின் தயவு.

மூன்றாம் நாள் எண் முந்நூறைத் தாண்டியது. அன்று எண்ணைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. காலையிலிருந்தே அவருக்கு மூச்சு வாங்கியது. படியேறி வந்தவர்போல, படுத்த படுக்கையிலேயே. காய்ச்சல் கொதித்தது. வயிறு மேளம்போல உப்பிக்கொண்டது. குழாய்வழியாகச் சிறுநீர் வடியும் பையில் கறுத்த டீயின் நிறத்தில் கொஞ்சமே கொஞ்சம் இறங்கியிருந்தது. தீவிரக் கண்காணிப்பு அறைக்கு மாற்றி, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி ஆக்சிஜன் வைத்தார்கள். அங்கே ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு கருவி தனக்குத் தோன்றியபோதெல்லாம் கத்தியது.  நர்ஸ்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பொத்தானை அழுத்திவிட்டுப் போனார்கள். எந்தக் கத்தலுக்கு அவர்கள் ஓடுவார்கள் என்று தெரியாததால் அவள் எல்லாவற்றுக்கும் பயந்தாள்.

ஒருவர் ஒருவராகத்தான் உள்ளே விட்டார்கள். அவள் போய்க் கட்டிலருகே குனிந்தாள். கண்ணாடிக்காரர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பழக்கம் இல்லை.

"சிஸ்டர்" என்றார் மூடிக்குள்ளிருந்து. "ஒரு உதவி பண்றீங்களா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை 'நீ' என்றுதான் சொல்லியிருக்கிறார். கோபத்தில் 'நீ', கொஞ்சலில் 'நீ'. அந்த 'பண்றீங்களா'வில் இருந்த மரியாதை அவள் முதுகுத்தண்டில் ஐஸாக இறங்கியது.

"சொல்லுங்க" என்றாள்.

"வெளிய என் வீட்டுக்காரி நிப்பா. வெளியில தைரியமா இருக்கறமாதிரி காட்டிக்குவா. ஆனா ரொம்பப் பயந்துக்குவா. வலி போயிடுச்சுன்னு அவகிட்டச் சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்" என்றாள் அவள்.

வெளியே வந்து கதவோரமாகச் சரிந்து உட்கார்ந்தவளை நாத்தனார் உலுக்கினாள். "என்ன ஆச்சு? என்னடி ஆச்சு, சொல்லித் தொலை!" அவள் சொன்னாள்.  நாத்தனார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"போதும். இனிமே இங்க ஒரு நிமிஷம் வச்சிருக்கக் கூடாது. என் மாப்பிள்ளைகிட்டப் பேசிட்டேன். பெரிய ஊர்ல பெரிய ஆஸ்பத்திரி. வண்டி வந்துட்டிருக்கு. அங்க உடனே வயித்தைத் திறந்து அழுகினதை எடுத்துடுவாங்களாம்."

"டாக்டர்கிட்டக் கேக்காமலா அண்ணி?"

"என்ன கேக்கணும்? எங்க அப்பாவுக்கும் வயித்து வலிதான். 'பாக்கலாம், பாக்கலாம்'னுதான் அந்த டாக்டரும் சொன்னார். குடல்வால் உள்ள வெடிச்சு, மூணு நாள் வாசலையே பாத்துக்கிட்டுக் கிடந்து செத்தார். அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு, இவனுக்கு ஒம்பது. இவன் கையைப் பிடிச்சுக்கிட்டு நான் நின்னேன். மறுபடியும் நிக்க என்னால ஆகாது."

நாத்தனார் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அதனால்தான் தம்பி மனைவியால் மறுத்துப் பேச முடியவில்லை. இருவருக்கும் ஒரே பயம்தான். ஒருத்திக்குக் காத்திருக்கப் பயம், இன்னொருத்திக்கு அசைக்கப் பயம்.

பெரிய டாக்டர் வந்தார். நரைத்த புருவம், எப்போதும் பாதிக் கண்ணை மூடியதுபோல ஒரு முகம். நாத்தனார் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார்.

"அம்மா, உங்க தம்பிக்கு நிலைமை கடுமையாத்தான் இருக்கு. மறைக்கல. ஆனா இப்ப வயித்தைத் திறந்தா உதவியைவிடக் கெடுதல்தான் அதிகம். எது செத்த பகுதி, எது உயிரோட இருக்கற பகுதின்னு இப்ப கத்திக்குத் தெரியாது. உள்ள கிருமி புகுந்து சீழ் பிடிச்சிருந்தா விஷயம் வேற. அப்ப நானே ஏதாவது செய்யணும், இல்ல அனுப்பணும்."

"காய்ச்சல் இருக்கே? சீழ் இல்லாம எப்படிக் காய்ச்சல் வரும்?"

"வெறும் அழற்சிக்கே இந்த அளவு காய்ச்சல் வரும். சி.ஆர்.பி.யும் அதுக்கே ஏறும். கிருமியா, வெறும் வீக்கமான்னு அது பிரிச்சுச் சொல்லாது. அதுக்குன்னு இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கு, புரோகால்சிடோனின்னு பேரு. அதை அனுப்பியிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள முடிவு வந்துடும். அதையும் இவரோட மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாத்தையும் சேத்துவச்சுப் பேசுவோம். அதுவரைக்கும் பொறுங்க."

"பொறுங்க" என்றாள் நாத்தனார், யாரையும் பார்க்காமல். "அதே வார்த்தை."

வண்டி வந்துவிட்டதாகப் போன் வந்தது. நாத்தனார் இருக்கையை விட்டு நகராததால் அவள்தான் கீழே போனாள். வெள்ளை வேன், பின்பக்கம் ஒரு கட்டில், ஒரு ஆக்சிஜன் உருளை. ஓட்டுநர் படியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். இளவட்டம், கண் இரண்டும் சிவந்திருந்தன. நேற்றிலிருந்து சவாரி என்றான்.

"கூட நர்ஸ் யாரும் வரலியா தம்பி?"

"இல்லக்கா. நம்ம ஆளு ஒருத்தர் இருப்பார். உருளை மாத்தத் தெரியும்."

"வழியில மூச்சு நின்னாப்பல இருந்தா என்ன பண்ணுவீங்க?"

அவன் யோசித்துப் பார்த்தான். நல்ல பையன், ஏமாற்ற நினைக்கவில்லை. "வேகமாப் போவோம்க்கா" என்றான்.

அந்தப் பாதை அவளுக்குத் தெரியும். பாதி தூரம் மலைச்சரிவு, வளைவுக்கு வளைவு லாரி. அந்தச் சாலையில் வேகமாகப் போவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்த அளவு அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. கட்டிலின் பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கொக்கி வளைந்திருந்தது. மேலே அறைக்குள் மூச்சுக்குப் போராடுகிறவரை இதில் கிடத்திப் பட்டையை இறுக்குவதை நினைத்தவுடன் கையிலிருந்த பட்டையை விட்டுவிட்டாள். அதே சமயம், இங்கேயே வைத்திருந்து சாயங்காலம் அந்தக் கதவைத் திறந்து ஒரு நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தால்? அப்போது இந்த வண்டி கீழே நின்றிருந்தது என்பதை நாத்தனார் சாகும்வரை சொல்வாள். அவளும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

"கொஞ்சம் இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு மேலே வந்தாள்.

அதன் பிறகு சாயங்காலம் வரை அவளுக்கு உலகத்தில் இருந்தது அந்தப் போன் மட்டும்தான். மடியில் வைத்தாள், சூடாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் வைத்தாள், யாராவது எடுத்துவிடுவார்கள் என்று திரும்ப எடுத்தாள். ஒருமுறை அது ஒலித்தபோது தூக்கிவாரிப்போட்டது. வங்கி குமாஸ்தா. "மாஸ்டர், சாருக்கு எப்படி இருக்கு? நான் வேணா ரத்தம் குடுக்கட்டுமா?" ரத்தம் வேண்டியதில்லை என்று சொல்லி வைத்தாள். நல்ல மனிதரை ஏன் இப்படி எரிச்சலோடு வைத்தோம் என்று கொஞ்சநேரம் அதற்கும் வருத்தப்பட்டாள். நாத்தனார் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள்.

செய்தி வந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. போனை நாத்தனாரிடம் நீட்டினாள். நாத்தனார் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, "எழுத்தே தெரியலம்மா" என்று திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

சுழியம் புள்ளி மூன்று.

"கம்மியா இருக்கு" என்றாள் நாத்தனார். "கம்மின்னா நல்லதுதானே?"

அவளால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. முதல் நாள் பதினொன்றைப் பார்த்துச் சிரித்தவள் அவள்தான். சின்ன எண்ணைக் கண்டால் இப்போது பெரிய எண்ணைவிட அதிகமாகப் பயந்தாள். இதுவும் தாமதமாக வருகிற சேதியா? உள்ளே சீழ் பொங்கிக்கொண்டிருக்க, ரத்தம் இன்னும் வாயைத் திறக்கவில்லையா? எழுந்து கிட்டத்தட்ட ஓடினாள். பெரிய டாக்டர் எதிரே வந்துகொண்டிருந்தார். அவருக்கும் முடிவு வந்திருந்தது.

"டாக்டர், இதுவும் நாளைக்கு ஏறுமா?"

அவர் நின்றார். அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை போலும். "உக்காருங்க" என்று சொல்லித் தானும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். நாத்தனாரையும் கூப்பிட்டார்.

"இது சி.ஆர்.பி. மாதிரி ரெண்டு நாள் பின்தங்கி வராது. கிருமி ரத்தத்துல கலந்தா சில மணி நேரத்துல ஏறிடும். இவருக்கு மூணாவது நாள்லயும் இவ்வளவு கம்மியா இருக்குன்னா, இப்போதைக்குச் சீழ் இல்லன்னு நினைக்கிறேன். நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ற பரிசோதனை எதுவும் எங்ககிட்ட இல்ல. நாளைக்கும் பாப்பேன், நாளன்னிக்கும் பாப்பேன். ஏறினா அன்னிக்கு வேற பேச்சு. ஆஸ்பத்திரியில இருந்தே எல்லா வசதியோட வண்டி ஏற்பாடு பண்ணி, டாக்டரையும் கூட அனுப்புவேன். இன்னிக்கு அசைக்க வேண்டாங்கறது என் கருத்து. ஆனா முடிவு உங்களோடது."

நாத்தனார் அவளைப் பார்த்தாள். மனைவி சொன்னால்தான் அனுப்ப முடியும்.

  அவள், "இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

"அவனுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சு," என்றாள் நாத்தனார், "உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

"சரி அண்ணி."

நாத்தனார் எழுந்து வராந்தாவின் மறுகோடிக்குப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவள் கீழே போய் வண்டியை அனுப்பினாள். பையன், "நல்லாயிடும்க்கா" என்று மட்டும் சொன்னான். வண்டி வாசலைத் தாண்டித் திரும்பும்போது, ஓடிப்போய் நிறுத்தலாமா என்று அவள் கால் துடித்தது. நிறுத்தவில்லை. அது தைரியம் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். அவளுக்குத் தெரியும், அது தைரியம் இல்லை. இரண்டு பயங்களில் ஒன்று கொஞ்சம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

நான்காம் நாளும் சி.ஆர்.பி. ஏறியது. கொஞ்சம்தான், ஆனால் ஏறியது. அந்த எண்ணைப் பார்த்தபோது, தன் கையால் புருஷனைக் கொன்றுவிட்டோம் என்றே நினைத்தாள். அழுகை வரவில்லை.  கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து பார்த்தால், சின்ன டாக்டர் கட்டிலுக்குக் கீழே குனிந்து சிறுநீர்ப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா?" என்றாள். "நேத்தைவிட நல்லா இறங்கியிருக்கு. நிறமும் வெளுத்திருக்கு. மூச்சும் நிதானமாயிருக்கு. அந்த எண்ணை இன்னிக்குப் பெருசா எடுத்துக்காதீங்க. அது எப்பவும் ஒரு அடி பின்னாலதான் வரும். நேத்து அனுப்பின இன்னொண்ணு இன்னிக்கும் ஏறல."

அவள் நம்பவில்லை. நம்பி ஒருமுறை பட்டாயிற்று. ஐந்தாம் நாள் எண் முதல்முறையாக இறங்கியபோதும் நம்பவில்லை. நாத்தனாரிடம் போய்ச் சொல்லவும் பயந்தாள். சொன்னால் மறுபடி ஏறிவிடுமோ என்று. ஆனால் நாத்தனார் தானாகவே வந்தாள். உள்ளே போய்விட்டு வந்தவள் அவளுக்கு எதிரே நின்று, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "உன்னைக் கூப்பிடறான்" என்றாள். "சிஸ்டரை இல்ல. உன்னைத்தான்."

அவள் உள்ளே போனாள். மூக்கில் குழாய், கன்னம் ஒட்டி, தாடி நரைத்து, ஐந்து நாளில் பத்து வயது கூடியவர்போலக் கிடந்தார்.

"நீ ஏன் இப்படி இருக்க?" என்றார். "சாப்பிட்டியா, இல்லையா?"

அந்த 'நீ'யைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. அதுவரை எங்கே தேங்கியிருந்ததோ, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நர்ஸ் வந்து அதட்டும்வரை அழுதாள்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. குடல்வரை குழாய் விட்டு அதன் வழியாகக் கஞ்சித் தண்ணீர்போல எதையோ ஊட்டினார்கள். ஸ்கேனில் கணையத்தின் வால்பகுதி கொஞ்சம் செத்துப்போயிருப்பது தெரிந்தது. அதைச் சுற்றி நீர் கோத்திருந்தது. அது தானாக வற்றலாம், வற்றாமலும் போகலாம், சீழ் பிடித்தால் அப்போது பார்க்கவேண்டும் என்றார் பெரிய டாக்டர்.  எண் மெல்ல மெல்ல, அடம்பிடிக்கும் குழந்தைபோல நின்று நின்று, கீழே இறங்கியது. அது நூறுக்குக் கீழே வந்த பிறகுதான் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நாத்தனார் அதுவரை கூடவே இருந்தாள். ஊருக்குத் திரும்பும் அன்று அவளைப் பேருந்து நிலையத்துக்குத் தம்பி மனைவிதான் காரில் அழைத்துப்போனாள்.  பேருந்து இன்னும் கிளம்பவில்லை. நாத்தனார் ஜன்னலோரமாக உட்கார்ந்து கம்பிவழியே பார்த்தாள்.

"அன்னிக்கு அந்த வேன்ல ஏத்தியிருந்தாலும் பொழைச்சிருப்பானோ என்னவோ."

"இருக்கலாம் அண்ணி."

"உன்னாலதான் பொழைச்சான்னு நான் சொல்ல மாட்டேன்."

"வேண்டாம் அண்ணி. நானும் அப்படிச் சொல்லல."

நாத்தனார் கொஞ்சநேரம் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தாள். "எங்க அப்பாகிட்ட யாரும் இப்படி வந்து உக்காந்து சொல்லல. எதுக்காகக் காத்திருக்கோம், எதைப் பாத்துட்டுக் காத்திருக்கோம்னு. சும்மா 'பாக்கலாம்'னு சொல்லிட்டு அந்த ஆளு வீட்டுக்குப் போயிட்டான்."  வண்டி நகர்ந்தபோது கம்பிக்கு வெளியே கையை நீட்டி அவள் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினாள். தட்டியதா, கிள்ளியதா என்று சொல்ல முடியாது. வலித்தது.

நீர் கோத்த பை சுருங்கிவருகிறது என்று போன ஸ்கேனில் சொல்லியிருக்கிறார்கள். முழுதாக வற்றவில்லை. அடுத்த மாதம் பித்தப்பையை எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள். சின்ன அறுவைசிகிச்சைதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். கண்ணாடிக்காரர் இப்போது எண்ணெய் இல்லாத குழைந்த சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். ஒவ்வொரு கவளத்துக்குப் பிறகும் அவர் கை வயிற்றுப் பக்கம் போகிறதா என்று பார்த்துக்கொண்டு அவள் அடுப்படி வாசலில் நிற்கிறாள். அவர் நிமிர்ந்தால், தண்ணீர் எடுக்க வந்ததுபோலச் சொம்பைக் கையில் எடுத்துக்கொள்கிறாள்.